பழைய டிவி கேம் பெட்டியில் என் சிப்ட்யூன் மெட்டு மெதுவாகவும் ஒலி நிறம் மாறியும் கேட்கிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். சிப்ட்யூன் (பழைய கேம் இயந்திரங்களின் ஒலிச் சிப்புக்காக அமைக்கும் இசை) ஆர்வலர்களாகிய நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தொகுப்பு உருவாக்கி வருகிறோம். அதில் இடம்பெறும் ஒவ்வொரு மெட்டையும் உண்மையான இயந்திரத்தில் ஓட்டித்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி. ஃபாமிட்ராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருளில் நான் அமைத்த 2 நிமிட மெட்டை, மதுரையில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த டிவி கேம் பெட்டியில், மெமரி கார்டு செருகும் 60 முனை கேசட் ஒன்றின் வழியாக ஓட்டினேன். தொண்ணூறுகளில் என் அண்ணனுக்காக வாங்கிய பெட்டி அது. இன்றும் முதல் அழுத்தலிலேயே உயிர் பெறுகிறது.

கணினியில் சரியாக 2 நிமிடம் ஓடும் மெட்டு இதில் 2 நிமிடம் 24 நொடி ஓடுகிறது. சுருதி கீழே இறங்கியிருக்கும் என்று நினைத்துக் கைபேசிச் செயலியில் அளந்தால், 440 ஹெர்ட்ஸ் வர வேண்டிய சுரம் 436 காட்டுகிறது. காதுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. எனக்குப் புரியாதது ஒலியின் நிறம்தான். முதல் சதுர அலைச் சேனலில் 25 சதவீத டூட்டியில் (ஒரு சுழற்சியில் அலை உயர்ந்து நிற்கும் பங்கு), மூக்கால் பாடுவது போலக் கூர்மையாக வர வேண்டிய முதன்மை மெட்டு, கிளாரினெட்டைப் போலத் தடித்து ஒலிக்கிறது. அதற்குத் துணையாக இரண்டாம் சேனலில் 50 சதவீதத்தில் வைத்த பகுதியோ மெலிந்து கூர்மையாகிவிட்டது. முக்கோண அலையில் உள்ள பேஸ் பகுதியில் எந்த மாற்றமும் இல்லை. கேசட் முனைகளைத் துடைத்தேன், கேபிளையும் தொலைக்காட்சியையும் மாற்றினேன், கோப்பை மறுபடியும் ஏற்றுமதி செய்து பார்த்தேன். ஐசி பழுதாகிவிட்டதா?

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. 2 நிமிட மெட்டு 2 நிமிடம் 24 நொடியாக நீள்வது மிகச் சரியாக 6க்கு 5 என்ற விகிதம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை பால் (PAL), அதாவது நொடிக்கு 50 புலம் (அரைப்படம்). நீங்கள் மெட்டை அமைத்தது 60க்கு. ஃபாமிட்ராக்கரில் இயந்திர வகையைப் பால் என்று மாற்றி ஏற்றுமதி செய்தால் வேகம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். ஒலி நிறம் மாறுவதற்கான காரணத்தை என்னால் ஊகிக்க முடியவில்லை.

மறுமொழி 2

ஐசி பழுதாகவில்லை; தயவுசெய்து அதைக் கழற்ற வேண்டாம். வேகத்தைப் பற்றி முன்னவர் சொன்னது சரி. ஆனால் பால் என்று மாற்றினால் இந்தப் பெட்டியில் வேறொரு சிக்கல் எழும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானில் 1983இல் வந்த மூல இயந்திரமான நிண்டெண்டோ ஃபாமிகாமின் 2ஏ03 சிப், 21.477272 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 12ஆல் வகுத்து 1.789773 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஐரோப்பாவுக்கான பால் இயந்திரம் 26.601712 மெகாஹெர்ட்ஸை 16ஆல் வகுக்கிறது, கிடைப்பது 1.662607. நம் ஊர்களில் விற்ற நகல் பெட்டிகள் பலவற்றிலும், 1992 முதல் ரஷ்யாவில் விற்பனையான டெண்டி என்ற நகல் பெட்டியிலும் இருக்கும் சிப்போ, அதே 26.601712ஐ 15ஆல் வகுத்து 1.773448இல் ஓடுகிறது. சுருதியைத் தீர்மானிப்பது இந்த எண்தான் என்பதால், 60க்காக எழுதிய கேம்களின் இசை 50இலும் ஏறக்குறைய அதே சுருதியில் ஒலிக்கிறது. நீங்கள் அளந்த 436 இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது: 16 சென்ட் (100 சென்ட் ஒரு அரைச்சுரம்) மட்டுமே இறக்கம். ஐரோப்பியப் பெட்டியாக இருந்திருந்தால் 128 சென்ட், அதாவது அரைச்சுரத்துக்கும் மேலே இறங்கியிருக்கும்.

பால் என்று மாற்றினால் மென்பொருள் 1.662607க்கான சுர அட்டவணையைப் பயன்படுத்தும். உங்கள் பெட்டி அதைவிட 15க்கு 16 என்ற விகிதத்தில் வேகமாக ஓடுவதால், ஷட்ஜம் ஒலிக்க வேண்டிய இடத்தில் சுத்த ரிஷபம் ஒலிக்கும். நான் உவமைக்காகச் சொல்லவில்லை; நம் இசைநூல்கள் சுத்த ரிஷபத்துக்குக் கொடுக்கும் விகிதங்களில் ஒன்று இதே 16க்கு 15தான்.

எனவே இயந்திர வகையை என்டிஎஸ்சி (நொடிக்கு 60 புலம் கொண்ட முறை) என்றே விட்டுவிட்டு, வேகத்தை மட்டும் மாற்றுங்கள். டெம்போ 150, ஸ்பீடு 6 என்றால் மென்பொருளில் ஒரு வரிக்கு 6 ஃபிரேம் (மேலே சொன்ன புலம்). 60இல் அது 0.1 நொடி. ஸ்பீடை 5 ஆக்கினால் 50இலும் ஒரு வரிக்கு அதே 0.1 நொடி கிடைக்கும். மெட்டின் நடுவில் வேகம் மாற்றும் எஃப் கட்டளைகள் இருந்தால் அவற்றையும் மறவாமல் திருத்துங்கள்.

நிறம் மாறுவதற்குக் காரணம், இந்த நகல் சிப்கள் பலவற்றில், குறிப்பாக யூஏ6527 வரிசையில், டூட்டி எண்கள் 1ம் 2ம் இடம் மாறியிருப்பது. நீங்கள் 25 கேட்டால் அது 50 தரும்; 50 கேட்டால் 25 தரும். ஒரே சுரத்தை வி00, வி01, வி02, வி03 (டூட்டி எண் 0 முதல் 3 வரை தேர்ந்தெடுக்கும் கட்டளைகள்) என நான்கு டூட்டியில், ஒவ்வொன்றையும் ஒரு நொடி நீட்டி எழுதி ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் மூடியைத் திறந்து கிரிஸ்டலில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மூடியைத் திறந்தேன். கரும்பசை அப்பிய ஒற்றைச் சிப் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் 40 கால் கொண்ட இரண்டு ஐசிக்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்றின் மேல் தூசியைத் துடைத்த பிறகு யூஏ6527பி என்ற எழுத்துகள் தெரிந்தன. கிரிஸ்டலின் தகர உறையில் 26.601 வரை படிக்க முடிகிறது. மீதி துருவில் மறைந்துவிட்டது.

நான்கு சுரச் சோதனையில் முதலாவது கம்பி போல மெல்லியதாக வந்தது. இரண்டாவது தடித்து வந்தது. மூன்றாவதும் நான்காவதும் எனக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. அது சரிதானா, அல்லது அங்கேயும் ஏதேனும் குறை இருக்கிறதா?

மறுமொழி 2

அது முற்றிலும் சரி. 75 சதவீத அலை என்பது 25 சதவீத அலையைத் தலைகீழாகத் திருப்பியதுதான். தனியாக ஒலிக்கும்போது காதால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. உங்கள் பெட்டியில் வி02 தருவது 25, வி03 தருவது 75.

இதிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. 0ம் 3ம் இடம் மாறவில்லை என்பதால், 25 சதவீத நிறம் வேண்டிய இடமெல்லாம் வி01க்குப் பதிலாக வி03 எழுதினால், மூல இயந்திரம், நகல் பெட்டி இரண்டிலும் முதன்மை மெட்டு ஒரே நிறத்தில் ஒலிக்கும். நான் இப்போது எந்த மெட்டையும் அப்படித்தான் தொடங்குகிறேன். இரண்டு சேனல்களும் ஒரே சுரத்தைச் சேர்ந்து இசைக்கும் இடங்களை மட்டும் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். அங்கே அலைகள் கூடும் விதம் சற்று வேறுபடலாம். 50க்கு இப்படிப் பொதுவான எண் இல்லை. பெட்டிக்கான பிரதியில் அதை வி01 என்று தனியே மாற்ற வேண்டும். வாத்தியங்களுக்குள் டூட்டி வரிசை எழுதியிருந்தால் அங்கேயும் 1, 2 இரண்டையும் தேடிப் பாருங்கள்.

மறுமொழி 3

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கார்டைக் கழற்றிச் செருக வேண்டாம். மெசென், எஃப்சிஇயூஎக்ஸ் ஆகிய இரு எமுலேட்டர்களிலும் (கேம் இயந்திரத்தைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்கள்) இயந்திர வகையை டெண்டி என்று வைத்து, ஒலி அமைப்பில் டூட்டியை இடம் மாற்றும் விருப்பத்தையும் தேர்ந்தெடுத்தால், உங்கள் பெட்டியில் வருவதைக் கணினியிலேயே ஏறக்குறைய கேட்டுவிடலாம்.

பதிவு செய்யும்போது பெட்டியின் ஆடியோ கேபிளைக் கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள். அது நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்குவதற்கானது. சதுர அலையின் முனைகள் வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்டதே தெரியாமல் கரகரக்கும். லைன் இன் துளை வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஸ்பீடு 5, முதன்மை மெட்டுக்கு வி03, துணைக்கு வி01 என மாற்றி ஓட்டினேன். 2 நிமிடம், சரியான நிறம். துணைப் பகுதி மீண்டும் கிளாரினெட்டாக ஒலித்த அந்த நொடியில் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது: நாய்ஸ் சேனலில் உள்ள ஸ்னேர் அடி இழுத்தாற்போலவும், மூன்று சுர ஆர்பெஜியோ (சுரங்களை வேகமாக மாறி மாறி ஒலிப்பது) சற்று நடுங்குவது போலவும் கேட்கின்றன.

மறுமொழி 2

வால்யூம் வரிசையும் ஆர்பெஜியோவும் ஸ்பீடைப் பொருட்படுத்தாமல் ஃபிரேமுக்கு ஒரு படியாகவே நகரும். 12 படி நீளமுள்ள ஸ்னேர் 60இல் 0.2 நொடி, 50இல் 0.24 நொடி. அதை 10 படியாகச் சுருக்குங்கள். நடுவில் இரண்டு படிகளை எடுங்கள், தொடக்க அடியைத் தொட வேண்டாம். ஆர்பெஜியோ நொடிக்கு 20 சுற்றிலிருந்து 16.7 ஆகக் குறைந்திருக்கிறது. அதை முழுமையாக ஈடுகட்ட வழியில்லை. நடுக்கம் உறுத்தும் இடங்களில் மூன்று சுரத்தை இரண்டாகக் குறைத்தால் சுற்று நொடிக்கு 25 ஆகும்; நீக்கிய சுரத்தை முக்கோணச் சேனல் தாங்கிக்கொள்ளும்.

தொகுப்பில் பகிரும்போது ஒலிப்பதிவோடு இரண்டு மூலக் கோப்புகளையும் சேர்த்து, எது 60க்கானது, எது யூஏ6527பி பெட்டிக்கானது என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பரணில் இதே பெட்டி வைத்திருக்கும் வேறொருவர் அதை அப்படியே எடுத்து ஓட்டுவார்.