மறு: அகோனிஸ்ட், அன்டகோனிஸ்ட்: ‘ஏவி’, ‘மறிப்பி’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். உயிரணுவில் உள்ள ஏற்பி (receptor) என்ற புரதத்தில் அமர்ந்து அதை வேலை செய்ய வைக்கும் பொருள் அகோனிஸ்ட். அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் வைப்பது அன்டகோனிஸ்ட். நம் கலைச்சொல் பட்டியலில் இவற்றுக்கு ‘ஏவி’, ‘மறிப்பி’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. அதற்கு வந்த மறுப்புகளை மேற்கோளாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> அகோனிஸ்ட் = ஊக்கி, அன்டகோனிஸ்ட் = தடுப்பி. எளிமையாக இருக்கிறது, முடித்துவிடலாமே?

முடித்துவிடலாம்தான், ஆனால் காபி விடாது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் ஏற்பியில் போய் அமர்ந்தால் நரம்பணுக்கள் நிதானப்பட்டு, கண்ணைச் சுழற்றுகிறது. காபீன் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்து எதையும் செய்வதில்லை. அடினோசினுக்கு இடம் கிடைக்காததால் தூக்கம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ஆக, காபீன் சுத்தமான அன்டகோனிஸ்ட். ஆனால் ஊரே அதை ஊக்கி என்கிறது. அப்போது “காபீன் என்ற ஊக்கி ஒரு தடுப்பி” என்று பாடநூலில் எழுதுவோமா?

‘தடுப்பி’க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் பொருள்களை நொதித் தடுப்பி என்று ஏற்கெனவே எழுதுகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையில் உள்ள பைசோஸ்டிக்மின் அந்த வகை. அது ஏற்பியைத் தொடுவதில்லை. நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

என் வாதம் ஒன்றுதான்: உடம்பில் தெரியும் விளைவை வைத்துப் பெயரிடக் கூடாது, ஏற்பியிடம் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை வைத்துப் பெயரிட வேண்டும். நமக்குத் தெரிந்த இரண்டு சரக்கை எடுத்துக்கொள்வோம். பாக்கில் இருப்பது அரிகோலின், ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபலமினும். இவை எல்லாம் மஸ்கரினிக் ஏற்பியைத்தான் தேடிப் போகின்றன. உடம்பின் சொந்தச் சரக்கான அசிட்டைல்கோலின் உட்காரும் இடம் அது. பாக்கை மென்றால் வாய் நிறைய எச்சில் ஊறும், நெற்றி வியர்க்கும். பழக்கமில்லாதவருக்குத் தலை கிறுகிறுத்துப் ‘பாக்கு சொக்கிக்கொண்டது’ என்பார்கள். ஊமத்தை விதை உள்ளே போனால் அப்படியே தலைகீழ்: நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், வியர்வை நின்று தோல் காய்ந்து சுடும், கண்ணின் பாப்பா விரிந்து வெளிச்சம் கூசும், சிறுநீர் கட்டும், அப்புறம் எதிரில் இல்லாத ஆளோடு பேச்சு தொடங்கும். ஏற்பி ஒன்றுதான். அரிகோலின் அதை வேலை செய்ய வைக்கிறது, அட்ரோபின் அதை மறித்துக்கொண்டு நிற்கிறது.

இதே ஏற்பி இதயத்தில் இருக்கும்போது அதன் வேலை துடிப்பைக் குறைப்பது. ஏற்பியின் பெயருக்குக் காரணமான, காளானில் கிடைக்கும் மஸ்கரின் இதயத்தை மந்தமாக்கும். அட்ரோபின் ஊசி போட்டால் துடிப்பு ஏறும். நாடித்துடிப்பு மிகவும் இறங்கிப்போனவர்களுக்கு மருத்துவர்கள் அதைப் போடுவது அதனால்தான். ‘ஊக்கி’ போட்டால் இதயம் மந்தமாகிறது, ‘தடுப்பி’ போட்டால் ஓடுகிறது என்று எழுதினால் மாணவர் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

> ‘திறவி’ என்று வைக்கலாம். பூட்டு, சாவி எல்லோருக்கும் புரியும்.

அசிட்டைல்கோலின் உட்காரும் இன்னொரு வகையான நிகோட்டினிக் ஏற்பிக்கு இது பொருந்தும். அங்கே உண்மையிலேயே ஒரு வாயில் திறந்து அயனிகள் உள்ளே பாய்கின்றன. மஸ்கரினிக் ஏற்பியில் அப்படி வாயில் கிடையாது. அது உயிரணுவின் உள்ளே இருக்கும், சேதி கடத்தும் ஜி-புரதத்திடம் சேதி சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. அதோடு, அயனி வாயில்களைத் திறக்கும் மருந்துகள் தனி வகையாகவே இருக்கின்றன. அந்தப் பெயரை அவற்றுக்கே விட்டுவைப்போம்.

அதனால்தான் ‘ஏவி’. ஏற்பியை அதன் வேலையைச் செய் என்று ஏவுவது. அந்த வேலை முடுக்குவதா, அடக்குவதா என்பது ஏற்பியின் பாடு. மற்றது ‘மறிப்பி’. சாலை மறியலில் உட்கார்ந்திருப்பவர் வண்டி எதையும் ஓட்டுவதில்லை, வருகிற வண்டியை விடுவதுமில்லை. காபீன் செய்வது அதைத்தான். ‘அடினோசின் மறிப்பி’ என்று சொல்லிப் பாருங்கள், வாயிலும் நன்றாக நிற்கிறது. ‘எதிரி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் பகை இருக்கிறதே தவிர இடத்தைப் பிடித்துக்கொள்வது இல்லை.

> ‘ஏவி’ என்றதும் பில்லி, சூனியம், ஏவல்தான் நினைவுக்கு வருகிறது.

ஊமத்தையைப் பேசும் இழையில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்! ஆனால் ஏவல் வினைமுற்றைப் பள்ளியில் படித்தவர்கள்தானே நாம். ஏவுகணையும் ஏவுதளமும் நாளிதழில் வரும்போது யாரும் மந்திரவாதியைத் தேடுவதில்லை. ‘இயக்கி’ எனக்கும் பிடிக்கும், ஆனால் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஏற்பி என்ற கருத்தே இப்படிப்பட்ட ஒரு சோடியிலிருந்து வந்ததுதான். 1905-இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் லாங்லி, நிகோட்டினும் தென் அமெரிக்க அம்பு நஞ்சான கியூராரேயும் தசையின் ஒரே பொருளுக்காகப் போட்டியிடுகின்றன என்று காட்டினார். அவற்றில் முதலாவது ஏவி, இரண்டாவது மறிப்பி. கியூராரேயைப் ‘போட்டி மறிப்பி’ என்றால் அசிட்டைல்கோலின் அளவைக் கூட்டி அதை நகர்த்திவிடலாம் என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

கிளைச்சொற்களில், ஏற்பியை முழு அளவில் இல்லாமல் ஓரளவே வேலை செய்ய வைக்கும் பார்ஷியல் அகோனிஸ்டுக்குக் ‘குறை ஏவி’ என்கிறேன். லேபர்னம் மரத்தின் சைட்டிசின் நல்ல எடுத்துக்காட்டு. பல்கேரியாவில் 1960-களிலேயே புகையை விடுவதற்கான மாத்திரையாக வந்தது. நிகோட்டின் ஏற்பியைப் பாதி மனதோடு ஏவுவதால் ஏக்கம் தணிகிறது. இடம் நிறைந்துவிடுவதால் மேலே ஒரு சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் இல்லை. ‘அரை ஏவி’ வேண்டாம், சரிபாதி என்று எண்ணிவிடுவார்கள்.

இன்வர்ஸ் அகோனிஸ்டுக்குத்தான் எதுவும் சிக்கவில்லை. யாரும் ஏவாதபோதும் சில ஏற்பிகள் தாமாகவே கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த வேலையையும் குறைப்பது இந்த வகை. ‘எதிர் ஏவி’ என்றால் மறிப்பியோடு குழம்பும். ‘தணிப்பி’ ஓரளவு வருகிறது, ஆனால் வலிதணிப்பி வந்து இடிக்கிறது. மருந்தியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, மற்ற நான்கையும் (ஏவி, மறிப்பி, போட்டி மறிப்பி, குறை ஏவி) ஏற்றிவிடுகிறேன்.