முழு வேகம் கொடுத்தால் மோட்டார் நின்றுவிடுகிறதா? உங்கள் பூட்ஸ்ட்ராப் அனுபவங்களைச் சொல்லுங்கள்

அத்தையின் பழைய சக்கர நாற்காலிக்கு நானே கன்ட்ரோலர் கட்டினேன். 24 வோல்ட் மோட்டார், ஐஆர்எஃப்3205 மாஸ்பெட்டுகள் (கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சுகள்), அவற்றை இயக்கும் ஐஆர்2110 டிரைவர் ஐசி, 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்தே மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது). சமதரையில் அருமையாக ஓடியது. வாசல் சரிவில் ஏறும்போது ஜாய்ஸ்டிக்கை முழுதாகத் தள்ளினேன். மோட்டார் சட்டென்று செத்தது, நாற்காலி பின்னால் உருண்டது. நல்லவேளை, உட்கார்ந்திருந்தது நான். ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி ஓடும்.

பேட்டரி, வயர், சால்டர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டே இரண்டு இரவு போனது. கடைசியில் ஸ்கோப்பின் (வோல்ட்டேஜ் மாறுவதை வரைந்து காட்டும் கருவி) ஒரு புரோபை ஐசியின் 6ஆவது காலிலும் இன்னொன்றை 5ஆவது காலிலும், அதாவது பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தேன். 11 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டியது சரசரவென்று இறங்கியது. 3 மில்லிசெகண்டுக்குள் 8 வோல்ட் பக்கம் வந்ததும் பேட்டரி பிளஸுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் மேல் மாஸ்பெட்டை ஐசி அணைத்துவிட்டது.

மேல் மாஸ்பெட் ஆன் ஆனதும் அதன் சோர்ஸ் (மோட்டார் பக்கக் கால்) 24 வோல்ட்டுக்குப் போய்விடும். ஆனிலேயே இருக்க கேட் (ஆன்-ஆஃப் செய்யும் கால்) அதைவிடப் பத்துப் பன்னிரண்டு வோல்ட் மேலே நிற்கணும், அதாவது 36 பக்கம். அந்தக் கூடுதல் 12 வோல்ட்டைத் தூக்கிக்கொண்டு சோர்ஸோடு சேர்ந்தே ஏறுவதுதான் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர். ஆனால் அது நிரம்ப, சோர்ஸ் கிரவுண்டுக்கு இறங்கி வரணும். 100 சதவீத டூட்டியில், அதாவது மேல் மாஸ்பெட் இடைவிடாமல் ஆனில் இருக்கும்போது, சோர்ஸ் இறங்குவதே இல்லை.

ஐசி தானாகக் குடிப்பது கொஞ்சம்தான். பாதுகாப்புக்கென்று கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் நான் போட்ட 10கே ரெசிஸ்டர்தான் 1 மில்லிஆம்பியருக்கு மேல் உறிஞ்சியது. என் கெப்பாசிட்டர் 1 மைக்ரோஃபாரட். மில்லிசெகண்டுக்கு ஒரு வோல்ட் போகாமல் என்ன செய்யும்? புரோகிராமில் டூட்டியை 95 சதவீதத்தோடு நிறுத்தினேன். சுற்றுக்கு 2.5 மைக்ரோசெகண்ட், சோர்ஸைக் கிரவுண்டுக்கு இழுக்கும் கீழ் மாஸ்பெட் ஆன், அப்போது கெப்பாசிட்டர் நிரம்பும். இப்போது சரிவில் ஏறுகிறது.

*

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர், தம்பி. ஆரம்பிக்கவே இல்லை. சோலார் சார்ஜருக்கு பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) கட்டினேன். மேஜையில் பல்பை வைத்துச் சோதித்தால் வேலை செய்யும், 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால் பிணம் மாதிரி கிடக்கும். பேட்டரி இன்டக்டர் (காயில்) வழியாக மேல் மாஸ்பெட்டின் சோர்ஸை 12 வோல்ட்டில் தூக்கிப் பிடித்திருந்தது. டிரைவர் சப்ளையும் 12 வோல்ட்தான். கெப்பாசிட்டர் எங்கிருந்து நிரம்பும்? தொடக்கத்தில் கீழ் மாஸ்பெட்டுக்குச் சில சின்னச் சின்ன பல்ஸ் கொடுத்த பிறகுதான் உயிர் வந்தது. பல்ஸை நீட்டிவிடாதீர்கள், பேட்டரியிலிருந்து கரண்ட் பின்னால் ஓடும்.

*

12 வோல்ட் லைனிலிருந்து பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரை நிரப்பும் டயோடை யாரும் பேசவில்லையே! கையில் கிடைத்தது என்று 1என்4007 போட்டேன், இரண்டு ஐசி போயிற்று. சோர்ஸ் மேலே பாயும்போது அந்த டயோடு உடனே மூடாது. சேர்த்த சார்ஜ் 12 வோல்ட் லைனுக்கே திரும்பி ஓடும். யூஎஃப்4007 போடுங்கள், 75 நானோசெகண்டில் மூடிவிடும். கெப்பாசிட்டரும் செராமிக்காக, ஐசி காலை ஒட்டியே இருக்கட்டும்.

*

இப்போதே போர்டைத் திருப்பிப் பார்த்தேன் அண்ணா, என்னிடமும் 1என்4007தான் இருக்கிறது. நாளைக்கு யூஎஃப் வாங்கி மாற்றிவிட்டுத்தான் அத்தையை உட்காரவைப்பேன்.