மறு: பெரிய கோயில் பலகை – ‘லே-அவுட் பிளான்’ தமிழில் என்ன?

செந்தூல் ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளிக் கண்காட்சிக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் லே-அவுட் பிளானை ஒரு பலகையாக அடிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மலாயில் ‘பெலான் லந்தாய்’ என்று போட்டாயிற்று, தமிழ்த் தலைப்பு மட்டும் காலி. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். ‘தளப்படம்’ போடலாமா? வரைவை இணைத்திருக்கிறேன்.

கிள்ளான் அன்பர்:
வேண்டாம் டீச்சர். அதே பலகையில் ‘13 தளம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே தளம் மாடி, இங்கே தளம் தரை என்றால் பிள்ளை எதை நம்பும்? நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லாட்சி இருக்கிறது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் ‘நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு’ அரண்மனைக்கு ‘மனை வகுத்து’ என்று வருகிறது. ஆக, மனைவகுப்பு! ஏட்டுக்கு நூல் என்று பெயர் வந்ததே கொத்தனார் பிடிக்கும் இந்த நூலிலிருந்துதான் என்பது என் கட்சி. மரத்தின் கோட்டம் தீர்க்கும் தச்சன் நூலைத்தானே நன்னூலார் உவமை சொல்கிறார்? பஞ்சை இழையாக நூற்பதை அவர் முதலில் உவமை சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஜார்ஜ்டவுன்:
அண்ணே, நீங்கள் எடுக்காவிட்டால் நன்னூலாருக்கு நட்டமில்லை. ஆனால் மனைவகுப்பு என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளை டியூஷன் என்று நினைக்கும். ஸ்தபதிகள் வாயில் புழங்கும் சொல்லை எடுப்போம்: பதவிந்யாசம். மனையை 64 கட்டமாகப் பிரித்தால் மண்டூகம், 81 என்றால் பரமசாயிகம்.

கிள்ளான் அன்பர்:
தமிழ்ப்பள்ளிச் சுவரில் பதவிந்யாசமா? அதற்குப் ‘பெலான்’ என்றே விட்டுவிடலாம், வாயிலாவது நுழையும்.

பிரிக்பீல்ட்ஸ்:
ஐயா, சினம் வேண்டாம். இராசராசன் கல்வெட்டில் ‘ஸ்ரீவிமானம்’ என்றும் வருகிறது, ‘திருச்சுற்று மாளிகை’ என்றும் வருகிறது. கோயில் எடுத்தவனுக்கு வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் ஒத்துப்போயின. பதவிந்யாசத்தில் என் மறுப்பு வேறு: அது மனையைக் கட்டம் பிரிக்கும் முறை, வரைந்து முடித்த படத்தின் பெயரன்று.

டீச்சர், தலைப்பை விட அவசரமான ஒன்று. வரைவில் ‘216 அடிக் கோபுரம்’ என்று இருக்கிறது. அது விமானம், கருவறைக்கு மேல் நிற்பது. கோபுரம் வாசலுக்கு மேல் நிற்பது. தஞ்சையில் கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் இரண்டுமே விமானத்துக்கு முன் குள்ளம். பிற்காலக் கோயில்களில்தான் இது தலைகீழாகி, வெளிக்கோபுரம் வளர்ந்து விமானம் உள்ளே அடங்கிப்போனது. திருவரங்க இராசகோபுரம் 236 அடி, 1987இல் முடிந்தது. நம் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்த்து வளரும் பிள்ளைகள் உயர்ந்ததையெல்லாம் கோபுரம் என்றுதான் சொல்வார்கள். பலகையும் அதையே சொல்லக்கூடாது.

சொல்லுக்கு வருகிறேன். மேலிருந்து பார்க்கக் கிடக்கிறபடி வரைவது கிடைப்படம். எதிரே நின்று பார்க்க நிற்கிறபடி வரைவது நிலைப்படம். கிட, நில் – இரண்டு வினையில் வேலை முடிந்தது.

ஜார்ஜ்டவுன்:
கிடை என்றதும் எனக்கு ஆட்டுக்கிடைதான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் ஜோடியாக வருவது நன்றாக இருக்கிறது. சரி.

கிள்ளான் அன்பர்:
13 தளம் தளப்படத்தைக் குழப்பும் என்று சொன்னது நான். ஐந்து நிலைக் கோபுரம் நிலைப்படத்தைக் குழப்பாதா? எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? திருச்சுற்றின் அளவைப் பாருங்கள்: நீளம் சுமார் 240 மீட்டர், அகலம் அதில் பாதி. இரண்டு சதுரம் கயிறு பிடித்து வகுத்திருக்கிறான். சும்மா ‘கிடக்கிறது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செந்தூல் ஆசிரியை:
நிலைப்படம் இந்தப் பலகையில் இல்லை ஐயா, அந்தச் சண்டையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம். விமானம் என்று திருத்திவிட்டேன், நன்றி. பிராகாரத்தையும் திருச்சுற்று என்றே மாற்றினேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்பி, கோப்பையும் அனுப்பிவிட்டேன். தலைப்பு: ‘தஞ்சைப் பெரிய கோயில் – கிடைப்படம்’.

கிள்ளான் அன்பர்:
போடுங்கள். என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். ‘திருச்சுற்று’ பற்றி இரவு தனியாக எழுதுகிறேன். சுற்றுக்கும் சூழலுக்கும் வேர் ஒன்றே என்று காட்ட முடியும்.