பதிவில் 'புகைத்ததே இல்லை' என்று இருந்தால் நம்பலாமா?

தரவுமேசை:
மின் மருத்துவப் பதிவில் புகைப்பழக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை யாராவது சரிபார்க்கிறீர்களா? போன வருகையில் 'முன்பு புகைத்தவர்' என்று இருந்த ஆள் இந்த வருகையில் 'புகைத்ததே இல்லை' ஆகிவிடுகிறார். புகைப்பவர் விடலாம், விட்டவர் மறுபடி தொடங்கலாம், ஆனால் புகைத்தவர் புகைத்ததே இல்லாதவராக மாற வழியே கிடையாது. இந்த முரணையாவது கணினி பிடித்துக் கொடுக்க வேண்டும்.

ஓபி டாக்டர்:
கொடுத்து? திரையில் இன்னொரு எச்சரிக்கைப் பெட்டி வரும், படிக்காமலே மூடுவோம். ஏற்கெனவே வருகிற பெட்டிகளின் கூட்டத்தில் மருந்து ஒவ்வாமை மாதிரி முக்கியமானதே கண்ணில் படாமல் போகிறது. தேவைப்பட்டால் நோயாளியிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். தவிர, இரண்டில் எது தப்பு என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பழையதே கை தவறித் தட்டியதாக இருந்தால்?

தரவுமேசை:
எது தப்பு என்று தெரியாதுதான். தப்பு இருக்கிறது என்று தெரிகிறதே, திரும்பக் கேட்க அது போதும். 'தேவைப்பட்டால் கேட்பேன்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, உங்கள் அறைக்கே வராதவரை யார் கேட்பது? அமெரிக்காவில் 2021 பரிந்துரைப்படி, 50 முதல் 80 வயதுக்குள், குறைந்தது 20 பேக் இயர் (தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் பிடித்தால் அது ஒரு பேக் இயர்) புகைத்து, இன்னும் புகைப்பவருக்கும் விட்டு 15 ஆண்டுக்குள் இருப்பவருக்கும் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வருடா வருடம் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் எடுப்பது பதிவிலிருந்து. ஒருவர் 15 வருடம் தினம் ஒரு பாக்கெட், அப்புறம் குறைத்துக்கொண்டு 10 வருடம் அரை பாக்கெட் என்றால் 15ம் 5ம் சேர்ந்து 20, தகுதி உண்டு. இன்றைய அளவை மட்டும் கேட்டு 'அரை பாக்கெட், 25 வருடம்' என்று போட்டால் 12.5 தான். பட்டியலில் அவர் பெயரே வராது, வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது.

முதல்மேசை செவிலியர்:
நாங்கள் கேட்கிற விதத்தைப் பாருங்கள். கையில் பிபி பட்டையைச் சுற்றிக்கொண்டே "சிகரெட் பிடிப்பீங்களா?" என்போம். "இல்லைங்க." அவ்வளவுதான், 'புகைத்ததே இல்லை' என்று தட்டியாயிற்று. அவர் போன மாதம்தான் விட்டிருப்பார், இல்லையென்றால் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருப்பாள். மின்சிகரெட்டைச் சிலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அடுத்த வருகையில் பழைய குறிப்பை அப்படியே காப்பி எடுத்து ஒட்டுவார்கள், தப்பு வருடக்கணக்கில் ஓடும். "எப்போதாவது பிடித்திருக்கிறீர்களா, கடைசியாக எப்போது" என்று கேட்டாலே பாதி சரியாகிவிடும்.

ஆய்வகத்தான்:
எச்சிலிலோ சிறுநீரிலோ கோட்டினின் பார்த்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. நிகோட்டின் உடலில் சிதைந்து வருவது அது, மனிதர்கள் மறைப்பதை அது மறைக்காது.

ஓபி டாக்டர்:
கடுமையாக எதிர்க்கிறேன். கோட்டினினின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 16 முதல் 20 மணி நேரம், சில நாட்களுக்கு முன்னால் நடந்தது அதில் தெரியாது. பத்து வருடம் முன்பு விட்டவரும் தொட்டே பார்க்காதவரும் அந்தச் சோதனைக்கு ஒன்றுதான், இங்கே பேச்சு தொடங்கியதே அந்த இருவரைப் பற்றி. நிகோட்டின் பேட்ச் ஒட்டிக்கொண்டு விடப் போராடுகிறவரோ 'புகைப்பவர்' என்று வருவார். முதுகெலும்பு இணைப்பு அறுவைக்கு முன்னால் பார்ப்பது நியாயம், புகைத்தால் எலும்பு கூடுவது கெடும். சாதாரண வருகையில் ஒருவர் சொன்னதை நம்பாமல் சோதித்தால், அடுத்த முறை எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

தரவுமேசை:
இதில் நான் டாக்டர் பக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரிபார்ப்பு என்ற பேரில் பலர் செய்வது, கட்டத்தில் உள்ளதை டாக்டர் எழுதிய குறிப்போடு ஒப்பிட்டு 'பொருந்துகிறது' என்று முடித்துவிடுவது. இரண்டும் செவிலியர் சொன்ன அதே ஒற்றைக் கேள்வியிலிருந்து வந்திருந்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? பொருந்துவதால் மட்டும் அது உண்மை ஆகிவிடாது. கொஞ்சம் பேரையாவது சாம்பிளாக எடுத்து, பதிவைப் பார்க்காத ஒருவர் தனியாக உட்கார்ந்து முழுதாகக் கேட்டு, அதோடு ஒப்பிட வேண்டும்.

ஓபி டாக்டர்:
சாம்பிள் சரி. முரண் எச்சரிக்கையும் வரட்டும், ஆனால் என் திரையில் வேண்டாம். பதிவு எடுக்கும் மேசையிலேயே வரட்டும்.

முதல்மேசை செவிலியர்:
வரட்டும். எந்த வருடம் விட்டார், எந்தக் காலத்தில் எத்தனை பாக்கெட் என்றெல்லாம் விசாரிக்க ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடமாவது கூட வேண்டும். நேரம் கொடுக்காமல் எச்சரிக்கையை மட்டும் எங்கள் பக்கம் தள்ளினால், வரிசை நகர வேண்டுமே என்று கைக்கு வந்ததைத்தான் தட்டுவோம், அதற்கு இப்போது இருப்பதே மேல். அந்த நேரத்தை யார் வாங்கித் தரப் போகிறீர்கள்?