விண்டோஸ் 11 கணினியை என் இன்ஸ்டாலர் விண்டோஸ் 10 என்கிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறேன். அதைக் கணினியில் ஏற்றும் இன்ஸ்டாலர், இன்னோ செட்டப் என்ற கருவியில் செய்தது. பில் பிரிண்டருக்கு விண்டோஸ் 10இல் ஒரு டிரைவர், 11இல் வேறு டிரைவர். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைக்கும் இடம்) ‘புராடக்ட்நேம்’ மதிப்பைப் படித்து, அதில் 11 இருக்கிறதா என்று பார்க்கிறேன். நேற்று ஒரு மளிகைக் கடையில் புது லேப்டாப். ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கிறது, சந்தேகமே இல்லை, 11தான். ஆனால் பழைய டிரைவர் ஏறிவிட்டது. பில்லுக்குக் காத்திருந்த ஆட்கள் முன்னால் ஒரு மணி நேரம் தவித்தேன். எங்கே தப்பு?

மறுமொழி 1:
சார், விண்டோஸ் 11இலும் அந்த மதிப்பில் ‘விண்டோஸ் 10’ என்றேதான் இருக்கும். உள் பதிப்பு எண்ணும் இரண்டுக்கும் 10.0. பில்ட் எண்ணை, அதாவது விண்டோஸின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உள்ள எண்ணைப் பாருங்கள்: 22000 முதல் 11. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பின் பில்டே 19045தான். அந்த லேப்டாப்பில் பதிப்பைக் காட்டும் ‘வின்வெர்’ கட்டளையை ஓட்டினால் தெரியும்.

கேட்டவர்:
22631 காட்டுகிறது! பில்ட் எண்ணைப் படித்து 22000உடன் ஒப்பிட்டேன், இங்கே சரியாகிவிட்டது. ஆனால் வீட்டில் உள்ள பழைய 8.1 கணினியையும் இப்போது 11 என்கிறது.

மறுமொழி 1:
ரெஜிஸ்ட்ரியில் அது எழுத்தாக இருக்கிறது. 8.1இன் பில்ட் 9600. எழுத்தாக ஒப்பிட்டால் முதல் எழுத்து 9, 2ஐ விடப் பெரியது, அதோடு முடிந்தது. எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

மறுமொழி 2:
ரெஜிஸ்ட்ரியே வேண்டாம் தம்பி. இன்னோவில் ஃபைல் வரியிலேயே ‘மின்வெர்ஷன்’ (குறைந்தபட்சப் பதிப்பு) 10.0.22000 என்று போட்டால் அந்த டிரைவர் 11இல் மட்டும் ஏறும். பழைய டிரைவர் வரியில் ‘ஒன்லிபிலோவெர்ஷன்’ (இதற்குக் கீழுள்ள பதிப்புகளுக்கு மட்டும்) அதே எண். அப்புறம் ஒன்று, என்றாவது விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் வகையான எம்எஸ்ஐக்கு மாறினால், அதில் விண்டோஸ் பதிப்பைச் சொல்லும் ‘வெர்ஷன்என்டி’யை நம்பாதீர்கள். விண்டோஸ் 10இலும் அது 8.1க்கு உரிய 603ஐத்தான் தரும். இரண்டு நாள் அதிலேயே போனவன் சொல்கிறேன்.

கேட்டவர்:
இரண்டு வரியும் போட்டேன் அண்ணா. 8.1, 10, 11 மூன்றிலும் சரியான டிரைவர் ஏறுகிறது. மிக்க நன்றி. நாளை காலை கடை திறக்கும் முன்பே போய், பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன்.