இன்குபேட்டரில் 37.5 டிகிரி காட்டியும் கரு சரியாக வளரவில்லை: காரணம் என்ன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். விசிறி இல்லாத சிறிய இன்குபேட்டரில் 24 கோழி முட்டைகளை அடை வைத்தேன். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வைத்துப் பார்த்தபோது, 7 முட்டைகளுக்குள் எதுவுமே தெரியவில்லை. 5 முட்டைகளில் மெல்லிய சிவப்பு வளையம் மட்டும் இருந்தது. மற்ற 12 முட்டைகளில் இரத்த நாளங்கள் நன்றாகப் படர்ந்திருந்தன. ஆனால் அந்தப் பன்னிரண்டிலும் 3 குஞ்சுகளே, அதுவும் 23ஆம் நாளில், வெளிவந்தன. மீதியை உடைத்துப் பார்த்தேன். பலவற்றில் குஞ்சு முழு உருவம் பெற்றிருந்தும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படாமல் வெளியே கிடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. திரையில் எப்போதும் 37.5 டிகிரிதான் காட்டியது. காலையும் மாலையும் கையால் திருப்பினேன். முட்டைகளைச் சேர்ப்பதற்கு 12 நாட்கள் ஆயின. அதுவரை சமையலறையில் வைத்திருந்தேன்.

மறுமொழி 1

உடைத்துப் பார்த்து எழுதியதற்கு நன்றி. பெரும்பாலோர் அதைச் செய்யாமலே கருவியைக் குறை சொல்லிவிடுகிறார்கள். உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு தனித்தனி இழப்புகள் என்று நினைக்கிறேன். சிவப்பு வளையம் என்பது, கரு வளரத் தொடங்கி முதல் சில நாட்களிலேயே இறந்துவிட்டதன் அடையாளம். முட்டையை ஏழு நாட்களுக்கு மேல் சேமித்தால் பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும்; 15 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வைத்திருந்தால்தான் கரு உறக்கத்தில் இருக்கும். சமையலறைச் சூட்டில் அது அரைகுறையாக வளர ஆரம்பித்து, அடை வைப்பதற்கு முன்பே வலுவிழந்துவிடுகிறது.

எதுவும் தெரியாத ஏழும் கூமுட்டைகள் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். அதே கோழிகள் இடும் புது முட்டைகளில் மூன்று நான்கை உடைத்து, மஞ்சள் கருவின் மேலுள்ள வெண்புள்ளியைப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டம் போலத் தெளிவாக இருந்தால் சேவல் சேர்ந்த முட்டை. ஒழுங்கற்ற சிறு திட்டாக இருந்தால் சேராதது.

மறுமொழி 2

தாமதமாக 23ஆம் நாளில் பொரித்ததும் மஞ்சள் கரு வெளியே நின்றதும் சேர்ந்து ஒன்றையே சொல்கின்றன: முட்டைகளுக்குப் போதிய வெப்பம் கிடைக்கவில்லை. 37.5 டிகிரி என்பது விசிறி காற்றைச் சுழற்றும் கருவிக்கான அளவு. விசிறி இல்லாவிட்டால் சூடான காற்று மேலே தங்கிவிடும். ஆகவே முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் 38.3 முதல் 38.9 டிகிரி வரை இருக்க வேண்டும். வெப்பத்தை அளக்கும் உணரி மூடியின் அருகே தொங்குகிறதா? அப்படியானால் முட்டைகள் அந்த 37.5ஐக்கூடப் பார்த்திருக்காது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஒன்றை முட்டை மட்டத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கேட்டவர்

உணரி மூடியிலேயே பொருத்தப்பட்டிருந்தது. நீங்கள் சொன்னபடி அளந்தேன், திரை 37.5 காட்டும்போது முட்டை மட்டத்தில் 36.4தான் இருக்கிறது. உணரியைக் கீழே இறக்கிக் கட்டிவிட்டேன். புது முட்டைகள் நான்கை உடைத்ததில் மூன்றில் வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஈரப்பதத்தையும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி 2

முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70 சதவீதம் போதும். இப்போதைக்கு அதைவிட வெப்பத்தையே கவனியுங்கள். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் கருவியை வெறுமனே ஓடவிட்டு, அளவு நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு முறை திருப்பினால் ஒவ்வோர் இரவும் ஒரே பக்கமே கீழே கிடக்கும். மூன்று அல்லது ஐந்து முறை திருப்பி, 18ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு, குஞ்சுகள் ஓட்டைக் கொத்தும்போது, எவ்வளவு ஆவல் இருந்தாலும் மூடியைத் திறக்க வேண்டாம். ஈரம் வெளியேறி உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும்.