கிராண்டியோஸ் என்றால் 'ரொம்ப கிராண்ட்' தானே?

பட்டுக்கடை: காஞ்சிபுரம் பட்டு ஆன்லைனில் விற்கிறோம், வெளிநாட்டில் இருந்து கேட்பவர்களுக்காக ஆங்கிலத்தில் விவரம் எழுத வேண்டும். நம்ம ஊரில் 'கிராண்டான புடவை' என்றால் போதும். முகூர்த்தப் புடவைக்கு அதைவிட ஒரு படி மேலே 'கிராண்டியோஸ்' போடலாமா? தங்கை வேண்டாம் என்கிறாள், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. மெஜஸ்டிக் சரிவருமா?

சொல்லாண்டி: தங்கை சொல்வதைக் கேளுங்கள். கிராண்டியோஸ் பெரும்பாலும் குத்தலாக வரும் சொல். கையில் காசில்லாமல் ஊரையே சிங்கப்பூர் ஆக்குவேன் என்று ஒருவர் மேடையில் முழங்குகிறாரே, அந்த மாதிரி திட்டத்துக்கும் பேச்சுக்கும்தான் பொருந்தும். மனநல மருத்துவத்திலும் உண்டு, தனக்குத் தனி சக்தி இருக்கிறது, தான் பெரிய அவதாரம் என்று ஒருவர் அசைக்க முடியாமல் நம்பினால் அது கிராண்டியோஸ் டெலூஷன், பைபோலார் என்ற மனநிலைக் கோளாறில், உற்சாகம் எல்லை மீறும் மேனியா கட்டத்தில் வரக்கூடியது. புடவைக்குப் போட்டால் 'பகட்டு' என்றுதான் காதில் விழும்.

மழைக்காகிதம்: மெஜஸ்டிக், ராஜா ராணியை அழைக்கும் 'மெஜஸ்டி'யோடு சேர்ந்த சொல். அதனால் வெறும் அழகு போதாது, ஒரு கம்பீரமும் நிதானமும் வேண்டும். இமயமலை, யானை நடந்து வருவது, தஞ்சைப் பெரிய கோயில் விமானம், இதெல்லாம் சரி. மடித்து வைத்த புடவைப் படத்துக்கு ஒட்டாது. அப்புறம், 'வெரி மெஜஸ்டிக்', 'வெரி மேக்னிஃபிசென்ட்' என்றெல்லாம் எழுதாதீர்கள், இவை ஏற்கனவே உச்சத்தில் நிற்கிற சொற்கள். அழுத்தம் வேண்டுமானால் 'ட்ரூலி' போடலாம்.

கெம்பேகௌடா: பெங்களூர்க்காரனுக்கு மெஜஸ்டிக் என்றால் பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான். அங்கே இருந்த மெஜஸ்டிக் தியேட்டரால் வந்த பெயர். கம்பீரமாவது நிதானமாவது, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்கள்.

பட்டுக்கடை: அப்போ என்னதான் போட?

சொல்லாண்டி: முந்தானை வேலைப்பாட்டுக்கு 'ஆர்னேட்', மொத்தப் புடவைக்கு 'ரிச்' போதும், செல்வச் செழிப்பு தெரிய வேண்டும் என்றால் 'ஓப்யுலன்ட்'. ஆனால் பெயரடையை விடுங்கள், உடலையும் கரையையும் கோர்த்து நெய்த கோர்வை பார்டரா, ஜரிகை வெள்ளியில் தங்க முலாமா, இல்லை செம்புக் கம்பியில் செய்த, விலை குறைந்த டெஸ்டட் ஜரியா, அதை முதலில் எழுதுங்கள்.

பட்டுக்கடை: டெஸ்டட்தான். எழுதினால் விலையைக் குறைக்கச் சொல்வார்களே?

சொல்லாண்டி: சொல்வார்கள். எழுதாமல் அனுப்பி, பார்சல் திரும்பி வந்தால் இரண்டு பக்க ஷிப்பிங்கும் உங்கள் தலையில்.